ஆறு மாசம் கரையில நின்ன படகு: ஏப்ரல்ல ப்ரெவேசா போறோம், முதல்ல எதைத் தொடணும்?

நீலப்பாய் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் போன வருஷம் ஒரு பழைய பாய்ப்படகு வாங்கினோம். 36 அடி, ஃபைபர் உடம்பு, 1998இல கட்டினது, யான்மார் டீசல் இன்ஜின். கிரீஸ் நாட்டு மேற்குக் கரையில, ப்ரெவேசா ஊருக்கு எதிர்க்கரையில ஆக்டியோவுல ஒரு யார்டுல கரையேத்தி நிறுத்தியிருக்கோம். அக்டோபர் 18 பூட்டிட்டு இங்கிலாந்துல நாங்க இருக்கிற ரெடிங் வந்துட்டோம். பூர்வீகம் மதுரை. வைகையில தண்ணி வந்தாலே வேடிக்கை பார்க்கப் போற ஊர்க்காரன், கடல் விஷயம் எல்லாமே எனக்குப் புதுசு.

கிளம்பும்போது செஞ்சது: டீசல் டேங்கை நிறைச்சோம். பாய்களைக் கழட்டி மடிச்சு உள்ள வெச்சோம். கடல்நீர் வால்வு, அதாவது சீகாக், எல்லாத்தையும் மூடினோம். சோலார் பேனலை பேட்டரியோட இணைப்புலயே விட்டுட்டோம். இன்ஜினுக்குக் குளிர்கால வேலையை ஒரு மெக்கானிக் செஞ்சார். என்னென்ன செஞ்சார்னு எங்கிட்ட எழுத்துல எதுவும் இல்ல.

இப்ப திட்டம்: ஏப்ரல் 8 புதன் போய்ச் சேர்றோம். ஏப்ரல் 14 தண்ணியில இறக்க கிரேன் புக் பண்ணியாச்சு. அடிப்பக்கம் பெயின்ட் நாங்களே அடிக்கணும். 16ஆம் தேதி லெஃப்காடா கால்வாய் வழியா தெற்க இதாக்கா பக்கம் போகணும்னு ஆசை. பக்கத்துப் படகுக்காரர் பிப்ரவரியில ஒரு படம் அனுப்பினார். டெக் முழுக்க செம்மண் பூசின மாதிரி இருக்கு.

என் கேள்வி இதுதான். எதை முதல்ல செய்யணும், எதைத் தள்ளிப் போடலாம்? நான் போட்ட பட்டியல் நாலு பக்கம் போகுது. மெத்தை துவைக்கிறதும் அதுல இருக்கு, சுக்கான் பார்க்கிறதும் அதுல இருக்கு. எல்லாமே ஒரே அளவு அவசரமாத் தெரியுது.


மத்தியதரை எழுதியது:

ரொம்ப யோசிக்காதீங்க. யார்டுக்கு ஒரு மெயில் போடுங்க. பெயின்ட் அடிச்சு, இன்ஜின் ஓட்டிப் பார்த்து, தண்ணியில இறக்கிப் படித்துறையில கட்டி வெச்சிடுவாங்க. நீங்க பையோட போய் ஏறினா போதும். நான் துருக்கியில அப்படித்தான் செய்யறேன். காசு கொஞ்சம் கூட ஆகும், ஆனா லீவு நாள் மிச்சம். இங்கிலாந்துல வேலையில இருக்கிற ஆளுக்கு அதுதான் பெரிசு.


இஞ்சின்ரூம் எழுதியது:

தம்பி, நான் தூத்துக்குடி. சரக்குக் கப்பல்ல இன்ஜினியரா இருந்து ஓய்வு பெற்றவன். படகு அடிப்பக்கத்தைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும், நான் இன்ஜினோட நிறுத்திக்கிறேன்.

"என்னென்ன செஞ்சார்னு எழுத்துல இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை இன்னைக்கே சரி பண்ணுங்க. அந்த மெக்கானிக்குக்கு மெயில் போட்டு மூணு விஷயம் கேளுங்க. கடல்நீர் பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் இம்பெல்லரைக் கழட்டினாரா, உள்ளயே விட்டாரா? கடல்நீர்ப் பாதையில ஆன்டிஃப்ரீஸ் ஓட்டினாரா? ஆயில் மாத்தினாரா? பதில் வந்தாலும் வராட்டியும் நீங்களே பம்பு மூடியைத் திறந்து பார்க்கணும். இம்பெல்லர் ஆறு மாசம் ஒரே நிலையில இருந்தா இதழ் ஒரு பக்கமா மடிஞ்சு விறைச்சிடும். புதுசு ஒண்ணு போடுங்க, ஸ்பேர் ஒண்ணு கையில இருக்கட்டும். பழசுல இதழ் ஒண்ணு குறைஞ்சிருந்தா அந்தத் துண்டு இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில எங்கியோ நிக்குது. அதைத் தேடி எடுக்காம இன்ஜினை ஓட்டக் கூடாது.

டேங்கை நிறைச்சு வெச்சது நல்ல காரியம். காத்துக்கு இடம் கம்மியா இருந்தா உள்ள வேர்க்கிற தண்ணியும் கம்மி. ஆனாலும் வாட்டர் செபரேட்டர் கிண்ணத்தை அடியில திறந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க. அடியில தண்ணி தனியா நின்னா தெளிஞ்ச டீசல் வர்ற வரைக்கும் வடிங்க. தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல கறுப்பா கோழை மாதிரி படிஞ்சிருந்தா அது டீசல் கிருமி. அப்ப ஃபில்டர் மாத்தறது மட்டும் போதாது, டேங்கையே திறந்து சுத்தம் பண்ணணும். அந்த வேலையைக் கரையிலயே முடிங்க. இந்தக் கோழை கடல்ல அலை அடிக்கும்போதுதான் கலங்கி ஃபில்டரை அடைக்கும்.

பேட்டரி: சோலார் இணைப்பைக் கழட்டி ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில மீட்டர் வெச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கணும், சேர்த்துப் பார்த்தா நல்லது கெட்டதை மறைச்சிடும். 12.7 வோல்ட் இருந்தா நிறைஞ்சது. 12.2 பாதி. 12க்குக் கீழ மாசக்கணக்கா கிடந்த லெட் பேட்டரி உள்ள சல்ஃபேட் படிஞ்சு போயிருக்கும், அதை நம்பிக் கடலுக்குப் போகாதீங்க.

கேஸ் குழாய்ல தேதி அச்சடிச்சிருக்கும், பாருங்க. சோப்புத் தண்ணி தடவி இணைப்பு எல்லாம் சோதிங்க. சமையல் கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா படகோட அடிவயித்துல போய் நிக்கும், மேல இருக்கிற நம்ம மூக்குக்குத் தெரியாமலே போகலாம்.


சோளகம் எழுதியது:

தம்பி, உங்கட கேள்வியை வாசிச்ச உடன கலண்டரைத்தான் எடுத்துப் பாத்தனான். படகைப் பற்றிக் கதைக்க முதல் நீங்களும் அதைப் பாருங்கோ. 2026இல் கிரேக்கரின்ர ஓர்தடொக்ஸ் ஈஸ்டர் ஏப்ரல் 12. எங்கட இங்கிலாந்து ஈஸ்டர் அதுக்கு ஒரு கிழமை முந்தி முடிஞ்சிடும், அதாலை இஞ்ச இருந்து பாக்கிற ஆக்களுக்கு இது கண்ணில படாது. நீங்கள் போய் இறங்கிறது பெரிய கிழமைக்குள்ள. 10ஆம் திகதி பெரிய வெள்ளி, 13ஆம் திகதி ஈஸ்டர் திங்கள், ரெண்டும் அங்க விடுமுறை. நடுவில சனி, ஞாயிறு. அந்த நாலு நாளும் யார்ட்டில மெக்கானிக் இல்லை, சாமான் கடையில ஆள் இல்லை. 14 செவ்வாய் காலமை எல்லாரும் திரும்ப வருவினம், அண்டைக்குத்தான் உங்கட படகு கிரேனில. ஒரு குழாய்க் கிளிப் மாத்த வேணுமெண்டாலும் வாங்க இடம் இருக்காது. இண்டைக்கே எழுதி 22 அல்லது 23க்கு மாத்துங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் எடுக்காதேங்கோ. இறக்கின பிறகு கசிவு கண்டால் திங்கள் வரைக்கும் தூக்க ஆள் கிடைக்காது.

நான் சவுத்ஹாம்ப்டனில இருக்கிறன். ஊர் யாழ்ப்பாணம். எங்கட படகும் அந்தக் கரையிலதான் கன வருசமா நிக்குது. மனுசனுக்கு முழங்கால் ஏலாமப் போன பிறகு ஏணி ஏறிற வேலை, அடிப்பக்க வேலை எல்லாம் என்ரை கையில. அதாலை நான் சொல்லுறது வாசிச்ச கதை இல்லை.

உங்கட நாலு பக்கப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: இது பிழைச்சால் கடல் உள்ளுக்கு வருமோ? வருமெண்டால் கரையில நிக்கேக்கையே முடிக்க வேணும், அதுவும் முதல் மூண்டு நாளுக்குள்ள, ஏனெண்டால் பிழை கண்டால் சாமான் எடுப்பிக்க நாள் வேணும். வராதெண்டால் தண்ணியில நிண்டு செய்யலாம். மெத்தை துவைக்கிறது, மரத்துக்கு வார்னிஷ், பித்தளை மினுக்கிறது, அலுமாரி அடுக்கிறது எல்லாம் கிட்ட இருக்கிற வொனிற்சா ஊரில நங்கூரம் போட்டிட்டுச் செய்யுங்கோ. நான் பாத்த அளவில ஆக்கள் இதை மாறித்தான் செய்யினம். வந்த உடன மணக்குது எண்டு மூண்டு நாள் உள்பக்கம் கழுவுவினம், கடைசி நாள் பின்னேரம் சீகாக்கைத் திருப்பிப் பாத்தால் அது இறுகிப் போய் நிக்கும்.

முதல் நாள் ஒண்டையும் கழட்ட வேண்டாம். ஏணியைப் படகோட கட்டிப்போட்டு, ரோர்ச்சும் கொப்பியும் எடுத்துக்கொண்டு சுத்திப் பாருங்கோ. கீழ முட்டுக் கொடுத்த தூண்கள் நேரா நிக்குதோ, மழைக்கு நிலம் இளகிச் சரிஞ்சிருக்கோ எண்டு முதலில பாருங்கோ. சரிஞ்சிருந்தால் யார்ட்காரரைக் கூப்பிடுங்கோ, நீங்கள் கை வைக்கக் கூடாது. பிறகு மேல ஏறி கொக்பிற், அதுதான் சுக்கான் பிடிக்க இருக்கிற பள்ளம், அதின்ர வடிகாலைப் பாருங்கோ. இலையும் அந்தச் செம்மண்ணும் சேந்து அடைச்சிருக்கும். அந்த மண் சஹாராவில இருந்து தெற்குக் காத்தோட வாறது. மழையோட கலந்து விழுந்து காயேக்க கயித்து இழைக்குள்ள போயிடும். நல்ல தண்ணியால வடிவாக் கழுவாமல் ஒரு கயித்தையும் கப்பியில ஓட விடாதேங்கோ, அரம் மாதிரித் தேய்க்கும்.

குளவி! இதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை. அங்க மண்குளவி சின்ன ஓட்டை எங்க கண்டாலும் கூடு கட்டும். டீசல் ராங்கின்ர காத்து வாற குழாய், தண்ணி ராங்கின்ர குழாய், காஸ் சிலிண்டர் பெட்டியின்ர வடிகால், மூண்டையும் ஒரு மெல்லிய கம்பியால குத்திப் பாருங்கோ. டீசல் ராங்குக்குக் காத்துப் போகாட்டில் இன்ஜின் நல்லா ஸ்ராற் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மூச்சு முட்டி நிக்கும். ஆக்கள் ஃபில்டரை மாத்திக்கொண்டே இருப்பினம்.

உள்ளுக்குப் போனால் மூக்கைப் பாவியுங்கோ. பூஞ்சணம் பிடிச்ச இடத்தை வினாகிரியால துடைச்சால் போதும். வினாகிரியும் பிளீச்சும் ஒருக்காலும் சேத்துப் பாவிக்கக் கூடாது, குளோரின் வாயு வரும், படகுக்குள்ள அது ஆபத்து. தரைப் பலகையைத் தூக்கி அடியில தண்ணி நிக்குதோ பாருங்கோ. கரையில நிக்கிற படகில தண்ணி எண்டால் மழை, இல்லாட்டில் உங்கட ராங். பாய்மரத்தின்ர அடியில ஈரம் தெரிஞ்சால் மழை அந்த வழியாலதான் வருது.

இனித்தான் முக்கியமான விசயம். சீகாக்குகள். உங்கட படகுக்கு எத்தினை இருக்கெண்டு எண்ணி ஒரு படம் கீறுங்கோ. இன்ஜின், கக்கூஸ் உள்ள வாறது, வெளிய போறது, குசினித் தொட்டி, இப்பிடி. ஒவ்வொண்டையும் திறந்து மூடிப் பாருங்கோ. இறுகினதைச் சுத்தியலால அடிச்சு வெருட்டாதேங்கோ, வெளிப்பக்கத்தால எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கோ. 1998 படகு எண்டால் பழைய பித்தளை வால்வு இன்னும் இருக்கலாம். பித்தளையில துத்தநாகம் கரைஞ்சு போனால் மிச்சம் செம்புதான், ஒரு இளஞ்சிவப்பு நிறம் வரும். மேல் அழுக்கைச் சுரண்டி நிறத்தைப் பாருங்கோ. சிவந்திருந்தால் கையால முறிக்கலாம் போல பலவீனமா இருக்கும். மாத்தத்தான் வேணும், காசு பாக்கிற இடம் இது இல்லை. குழாய்க் கிளிப்பின்ர கீழ்ப்பக்கம்தான் துருப்பிடிக்கும். குனிஞ்சு பாக்க ஏலாது, ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழ பிடிச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவான மர ஆப்பு ஒண்டை நூலால பக்கத்திலேயே கட்டி விடுங்கோ. இரவில தண்ணி பீச்சி அடிக்கேக்க லாச்சியில ஆப்புத் தேட நேரம் இருக்காது.

வெளிய: புரொபெல்லர்த் தண்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டுங்கோ. கொஞ்சம் ஆடலாம், கடகடவெண்டு ஆடினால் ரப்பர் பெயாரிங் தேஞ்சு போச்சு. சுக்கானையும் அதே மாதிரி. துத்தநாகக் கட்டி, அதுதான் அனோட், பாதிக்கு மேல கரைஞ்சிருந்தால் மாத்துங்கோ. அதுக்கு மேல பெயின்ற் படக் கூடாது, பட்டால் அது வேலை செய்யாது. வேகமானியின்ர சின்னச் சில்லு இருக்கிற ஓட்டையில, சில்லோ மூடியோ, ஏதாவது ஒண்டு உறுதியா இருக்கோ எண்டு உள்பக்கத்தால பாருங்கோ. ஒருக்கா எங்களுக்குப் பக்கத்தில நிண்ட படகை இறக்கேக்க அந்த ஓட்டை திறந்தபடி. பெருவிரல் தடிப்பில தண்ணி நெட்டுக்கு எழும்பிச்சு. படகு இன்னும் கிரேனின்ர தூக்குப் பட்டியிலதான் தொங்கினது, உடன தூக்கிப்போட்டினம்.

பெயின்ற்: பழையதைக் காய்ஞ்சபடி உரஞ்சாதேங்கோ. அதில செம்பு இருக்கு, தூசி நெஞ்சுக்குள்ள போகும். தண்ணி நனைச்சு உரஞ்சுங்கோ, மாஸ்க் போடுங்கோ. காலமையில பனி ஈரம் நிக்கும், பத்து மணிக்கு மேல துவங்குங்கோ. ரெண்டு பூச்சு, நீர்மட்டக் கோட்டுக்கும் சுக்கானின்ர முன்விளிம்புக்கும் இன்னொண்டு. முட்டுக் கட்டைகளுக்குக் கீழ இருக்கிற இடத்தைக் கிரேன் தூக்கின பிறகுதான் பூசலாம், அதுக்குக் கொஞ்சம் பெயின்ற் மிச்சம் வையுங்கோ.

பாய்மரத்தைக் கரையில ஏறிப் பாக்க வேண்டாம், முட்டில நிக்கிற படகு அது. இப்போதைக்குத் தொலைநோக்கியால பாருங்கோ. கீழ கையெட்டிற இடத்தில கம்பி முனையில ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி போச்சு எண்டு எடுங்கோ.

இறக்கிற நேரம். இதில நீங்கள் வெக்கப்படாமல் நிக்க வேணும். கிரேன்காரருக்கு முதல் நாளே போய்ச் சொல்லுங்கோ, பட்டியைக் கழட்ட முதல் எனக்குப் பத்து நிமிசம் வேணும் எண்டு. நல்ல ஆக்கள், சொன்னால் நிப்பினம். படகு மிதந்த உடன ஒராள் உள்ளுக்கு ஓடி ஒவ்வொரு சீகாக்கையும் ஒண்டொண்டாத் திறந்து கையால தடவிப் பாக்க வேணும். பின்னால தண்டு வெளிய போற இடத்தில ரப்பர் சீல் எண்டால் அதை விரலால நசுக்கி உள்ள இருக்கிற காத்தை வெளிய விட வேணும், கொஞ்சம் தண்ணி வந்தால் சரி. காத்து நிண்டால் சீல் சூடாகி எரிஞ்சிடும். பிறகு இன்ஜின். புகைக்குழாயால தண்ணி துப்புதோ எண்டு மற்றவர் பாக்க வேணும். எல்லாம் சரி எண்ட பிறகுதான் கையைக் காட்டுங்கோ.

நான் ஒப்பரேஷன் தியேட்டரில நேர்ஸா இருந்தனான். அங்க தைக்க முதல் துணி, கத்தி, ஊசி எல்லாத்தையும் சத்தமா எண்ணுவம், ரெண்டு பேர். எண்ணிக்கை சரிவராட்டில் எவ்வளவு பெரிய டொக்ரர் எண்டாலும் பொறுக்கத்தான் வேணும். படகு இறக்கேக்க நானும் மனுசனும் அப்பிடித்தான் சத்தமாச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் சரிபாப்பம். உங்கட மனுசியையும் இதில சேருங்கோ. படத்தையும் சீகாக் எண்ணிக்கையையும் அவ கையில குடுங்கோ.

மத்தியதரை சொன்னதுக்கு: துருக்கியில உங்களுக்கு நம்பிக்கையான ஆள் இருந்தால் நல்லது, அது உங்களுக்குச் சரி. இந்தத் தம்பிக்கு இது முதல் திரும்பிப் போறது. தன்ரை படகின்ர அடிப்பக்கத்தை ஒருக்காலும் வடிவாப் பாக்காத ஆள் அதை நம்பி இரவு கடலில நிக்க ஏலாது. பெயின்ற்றை வேணுமெண்டால் யார்ட் அடிக்கட்டும். சீகாக்கை அவர்தான் திருப்ப வேணும்.

16ஆம் திகதி இதாக்கா வேண்டாம். இறக்கின அண்டிரவு படித்துறையிலேயே நில்லுங்கோ, ரெண்டு மூண்டு தரம் எழும்பி அடியைப் பாருங்கோ. அடுத்த நாள் உள்பக்கம், கிழக்க, அம்பிராகிய வளைகுடாவுக்குள்ள போங்கோ. வொனிற்சா ரெண்டு மணித்தியாலத் தூரம், கடல் அலை உள்ள வராது, மேல வெனிஸ்காரற்ரை கோட்டை நிக்கும். வழியில ஆமையும் டொல்பினும் கண்டால் மனுசிக்குப் பயம் பாதி போயிடும். அங்க பாயைக் கட்டி ஏத்தி இறக்கிப் பாருங்கோ, நங்கூரம் போட்டு எடுங்கோ. ஆறு மாசம் கதிரையில இருந்த உடம்புக்கும் அந்த ரெண்டு மூண்டு நாள் வேணும். கை தோல் மெலிஞ்சிருக்கும், கயிறு இழுக்கேக்க தெரியும். ஏதும் பிழை கண்டால் யார்ட் கிட்ட. இதாக்காவில நிண்டு கண்டால் அரை நாள் தூரம்.


நீலப்பாய் எழுதியது:

அக்கா, இதைப் படிச்சதும் யார்டுக்கு எழுதிட்டேன். ஏப்ரல் 23 வியாழன் காலையில மாத்திக் குடுத்துட்டாங்க. ஈஸ்டர் விஷயம் எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. இஞ்சின்ரூம் அண்ணாச்சி, மெக்கானிக் பதில் போட்டுட்டார். இம்பெல்லரைக் கழட்டி ஒரு பையில போட்டு மேப் வெக்கிற மேசைக்குள்ள வெச்சிருக்காராம். புதுசு ரெண்டு வாங்கிட்டேன்.

இன்னும் மூணு கேள்வி. எங்க ரெண்டு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். இப்ப யார்டுலயே ரெண்டு வாரம் போகுது, விசா இல்லாம 90 நாள் தங்கலாம்ங்கிற கணக்குல அது இடிக்குமா? அந்த ரெண்டு வாரம் படகுலயே தங்கலாமா? விமானத்துல என்னென்ன எடுத்துட்டு வரக் கூடாது?


சோளகம் எழுதியது:

கணக்கைச் சேந்து போடுவம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதுக்குள்ள 90க்கு மேல ஷெங்கன், அதுதான் கிரீஸும் சேந்த ஐரோப்பியப் பொது எல்லை வலயம், அதுக்குள்ள நிக்கக் கூடாது, போற நாளும் வாற நாளும் சேத்தி. நீங்கள் அக்டோபர் 18 வெளிய வந்தீங்கள். ஏப்ரல் 8 அண்டைக்குப் பின்னால எண்ணினால் அந்த அக்டோபரில 8 நாள் இன்னும் கணக்குக்குள்ள நிக்கும். அது 16ஆம் திகதிக்குள்ள ஒவ்வொண்டாக் கழண்டிடும், பிரச்சினை இல்லை. ஜூன் 6 வரை நிண்டால் 60 நாள். மிச்சம் 30. ஜூலை, ஆகஸ்ட் அங்க வெக்கையும் சனமும், வீட்டில நில்லுங்கோ. செப்டெம்பர் 5 திரும்பப் போனால் அக்டோபர் 4இல அந்த 30 முடியும். 5ஆம் திகதியில இருந்து ஏப்ரல் நாள்கள் ஒவ்வொண்டாத் திரும்பக் கைக்கு வரும், அதாலை இடைவிடாமல் நிண்டு அக்டோபர் நடுவில படகைக் கரையேத்தலாம். இப்ப முத்திரையைப் பாத்து எண்ணிற காலம் இல்லை. 2025 அக்டோபரில துவங்கின, எல்லையில வாறது போறதைப் பதியிற இ.இ.எஸ். முறையில கைரேகையோட கணினிதான் எண்ணும். ஒரு நாள் கூடினாலும் தெரியும், ரெண்டு மூண்டு நாளை எப்பவும் கையிருப்பில வையுங்கோ.

தங்கலாம், நாங்கள் தங்கிறனாங்கள். ஆனால் கக்கூஸும் தொட்டியும் பாவிக்க ஏலாது, தண்ணி கீழ நிலத்தில போகும். யார்ட்டின்ர கழுவுமிடத்துக்கு ஏணி இறங்கித்தான் போக வேணும், இருட்டில தலைவிளக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கோ, ரெண்டு கையும் ஏணியில இருக்கட்டும். சாமானைக் கையில தூக்கிக்கொண்டு ஏறாதேங்கோ, வாளியில போட்டுக் கயித்தால இழுங்கோ. முதல் ரெண்டு இரவு ப்ரெவேசாப் பக்கம் ஒரு அறை எடுத்தால் நல்லது, பூஞ்சண மணத்துக்குள்ள படுத்தால் மனுசிக்கு படகே வெறுத்திடும். எடுக்கிறதெண்டால் ஒரு வாடகைக் காரும் எடுங்கோ. ஊர் எதிர்க்கரையில கண்ணுக்கு முன்னால தெரியும், ஆனால் வழி கடலுக்கு அடியால போற சுரங்கப் பாதை, நடந்து போக ஏலாது. பெரிய வெள்ளிக்கு முதல் சாப்பாட்டுச் சாமான், பெயின்ற் உருளை, கையுறை எல்லாம் வாங்கிப்போடுங்கோ.

விடுமுறை நாலு நாளிலயும் சும்மா இருக்கத் தேவையில்லை. பெயின்ற் உரஞ்சிறது, கயிறு கழுவிறது, குளவிக்கூடு எடுக்கிறது, படம் கீறிறது எல்லாம் அப்ப செய்யலாம். சனி நடுச்சாமம் கோயில்ப் பக்கம் போங்கோ, ஊரே மெழுகுதிரியோட வெளிய நிக்கும்.


இஞ்சின்ரூம் எழுதியது:

விமானம்: அபாயத்துக்குக் கொளுத்துற ஃபிளேர் எந்தப் பையிலயும் கூடாது, அதை அங்கயே வாங்கிக்கோங்க. தானா ஊதுற லைஃப் ஜாக்கெட்டோட கேஸ் சிலிண்டருக்கு விமான நிறுவனத்துக்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கையில வெச்சுக்கோங்க. டிரில் மெஷினோட தனி லித்தியம் பேட்டரி கைப்பையில மட்டும்தான் வரணும், 100 வாட்-மணிக்கு மேல இருந்தா அதுக்கும் அனுமதி வேணும். பெயின்ட், தின்னர் நினைக்கவே வேண்டாம். இம்பெல்லர், பெல்ட், ஃபில்டர் தாராளமா எடுத்துட்டுப் போங்க. பின்னாடி பார்சல்ல அனுப்பினா பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் சுங்கத்துல மாட்டி நிக்கும்.

இன்னொண்ணு. இன்ஜினை முதல் தடவை ஓட்டும் முன்னால கடல்நீர் வடிகட்டிக் கிண்ணத்துல ஒரு செம்பு தண்ணி ஊத்தி மூடுங்க. அப்பதான் புது இம்பெல்லர் தண்ணி இல்லாமக் காய்ஞ்சபடி சுத்தாது. ஸ்டாப்பை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சில விநாடி ஸ்டார்ட்டரை மட்டும் சுத்த விட்டா ஆயில் மேல ஏறும், அப்புறம் ஓட்டுங்க. ரொம்ப நேரம் சுத்தக் கூடாது, புகைப்பெட்டியில கடல்தண்ணி சேர்ந்து இன்ஜினுக்குள்ள வந்துடும்.


சோளகம் எழுதியது:

அண்ணை சொன்னதோட கடதாசி விசயமும். காப்புறுதிக்காரருக்கு 23ஆம் திகதி இறங்குது எண்டு முதலே எழுதுங்கோ, கனபேற்றை காப்புறுதி கரையில நிக்கிற காலத்துக்கும் ஓடுற காலத்துக்கும் வேற வேற. கிரேக்க மொழியில எழுதின காப்புறுதிச் சான்றும் கேட்டு வாங்குங்கோ, துறைமுகப் பொலிஸ் அதைத்தான் பாப்பினம். 7 மீற்றருக்கு மேல உள்ள படகுக்கு தெபாய் எண்ட கிரேக்கப் படகு வரி மாதக் கணக்கு. கரையில நிண்ட மாதங்களுக்குக் கட்டத் தேவையில்லை, ஆனால் தண்ணி தொட முதல் ஏப்ரலுக்குக் கட்டி ரசீதை அச்செடுத்து வையுங்கோ. இணையத்தில கட்டலாம். குறிப்பு எண்ணோட வங்கியால காசு போய்ச் சேர நாள் எடுக்கும், விடுமுறைக் கிழமை வேற. ஏப்ரல் முதல் நாளே கட்டிவிடுங்கோ.